தோட்டப்பள்ளி

போர்ட் டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், ஆதர்டன். ரந்தாவ் பக்கம் லின்சம். பகாவ் பக்கம் கெடிஸ், மிடல்டன். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிப் பட்டியலைப் படித்தால் பழைய ரப்பர்த் தோட்டங்களின் பட்டியலைப் படிப்பது போலவே இருக்கும். மலாய் மொழியில் ‘லாடாங்’, தமிழில் ‘தோட்டம்’ என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். லாபு தோட்டம் பிரிவு 1, பிரிவு 4 என டிவிஷன் எண்ணைக்கூடச் சுமக்கும் பள்ளிகள் உண்டு. வெறும் முகவரி என்றே பலரும் இதைக் கருதுகிறார்கள். பள்ளிக் கட்டடம் யாருடைய மண்ணில் எழுந்தது என்பதும் அதே சொல்லில் இருக்கிறது.

‘பள்ளி’க்குப் பழைய பொருள் படுக்கை, உறைவிடம். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்பவற்றில் அது இன்றும் வாழ்கிறது. மதுரையை அடுத்த மாங்குளத்தில், கி.மு. காலத்துத் தமிழிக் கல்வெட்டில், சமண முனிவருக்கு அமைத்த குகை உறைவிடம் ‘பளிஇய்’ எனப்படுகிறது. அங்கே தங்கியவர்கள் கற்பிக்கவும் செய்ததால் தங்குமிடம் கற்குமிடமாயிற்று என்பர். ‘தோட்டம்’ இன்னும் வியப்பானது. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனமுள்ள நிலமே தோட்டம். மானாவாரி நிலம் காடு. தமிழர் மலாயாவுக்குக் கடல் கடந்தபின் ஆயிரக்கணக்கான ஏக்கர் கம்பெனி நிலம் தோட்டமாயிற்று. பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிற்கும் பகுதி மட்டும் பேச்சில் காடாகவே நீடித்தது.

இரண்டு சொற்களையும் ஒட்டவைத்தது சட்டம். நெகிரி செம்பிலானும் சேர்ந்திருந்த கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ குடியிருந்தால் அந்தத் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும். ‘குடியிருந்தால்’ என்பதுதான் கவனிக்கவேண்டிய இடம். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் வீடு இருக்கும்வரைதான் பிள்ளைக்குப் பள்ளி. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பள்ளியும் போகும்.

பள்ளி வேண்டும் என்ற சட்டம், எப்படிப்பட்ட பள்ளி என்பதைப் பெரும்பாலும் நிர்வாகத்தின் மனத்துக்கே விட்டது. பலகைச் சுவர், தகரக் கூரை, நீள பெஞ்சுகள், ஒரே அறை. தொடக்க காலத்தில் பல தோட்டங்களில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோதான் வாத்தியார். ஒரு மூலையில் முதல் வகுப்பு ‘அ, ஆ’ சொல்ல, மறு மூலையில் பெரிய பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். மழை கொட்டினால் தகரச் சத்தத்தில் குரல் எடுபடாது. அப்போது எழுத்து வேலைதான். பள்ளி விட்டபின் வாத்தியாருக்கு இன்னொரு வேலை: ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதித் தருவதும். குறைந்த வசதியில் அவர்கள் நடத்தியதைப் ‘பெயரளவுக் கல்வி’ என்று தள்ளுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழை எழுதப் படிக்க ஒரு தலைமுறைக்குக் கிடைத்த வாசல் அது ஒன்றே.

விடுதலைக்குப்பின் ‘தேசிய வகை’ என்ற அடைமொழி முன்னால் வந்து சேர்ந்தது; ‘தோட்டம்’ விலகவில்லை. மண் தோட்டத்துடையதாகவே இருந்தது. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிலம் தனியாருடையது என்பதால் இவை ‘பகுதி உதவி’ பெறும் பள்ளிகளாயின. கறையான் அரித்த தூணை மாற்றவும் பெற்றோரும் பள்ளி வாரியமும் நன்கொடை தேடி அலைந்ததற்கு அதுவே காரணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயங்கள் காலியாயின. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்று மேல். நெகிரி செம்பிலானில் அறுபதை ஒட்டி எஞ்சியிருக்கின்றன. பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து நடத்தும் கூட்டு வகுப்பு இன்னும் உண்டு.

அதே மாநிலத்தின் செனவாங் இப்போது தொழிற்பேட்டை. பள்ளியின் பெயரில் தோட்டம் நிற்கிறது. இடம் மாறும் சில பள்ளிகள் பலகையில் தாமான் எனும் புதுக் குடியிருப்பின் பெயரை எழுதிக்கொள்கின்றன. பழைய பெயரை விடவேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளி நிலத்துக்காக ஒரு வாரியம் மனுப்போடும்போது அந்தப் பெயரே ஆதாரம்: கம்பெனிக்குப் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்காக, கம்பெனி மண்ணில், சட்டம் கேட்டு எழுந்த பள்ளி அது.