தந்தி வந்துரும், ஆள் போக முடியாது

நம்ம வீட்டுப் பெரியவங்க தந்தின்னாலே பிரிக்கிறதுக்கு முன்னாடியே அழுதுருவாங்க, ஞாபகம் இருக்கா? சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பி 1871-லேயே சிங்கப்பூரை எட்டிவிட்டது. ஊரில் அப்பா தவறிய சேதி ஒன்றிரண்டு நாளில் வந்துரும். மகன் போய்ச் சேரணுமே! நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினா கிட்டத்தட்ட ஒரு வாரம். கொள்ளி வைக்கிறது எங்கே, கருமாதிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம்.

1937 ஜூன் 12-இல் காலாங் விமான நிலையத்தைத் திறந்தாங்க. வட்டமான புல்தரை, பக்கத்திலேயே கடல்விமானம் இறங்க வசதி. தபாலும் துரைமார்களும் பறந்தாங்க. கூலி வேலை பார்த்த நம்மாளுங்களுக்கு அந்த டிக்கெட் கட்டுப்படியாகுமா? தந்தியைக் கையில வச்சுக்கிட்டு இங்கேயே தலைமுழுகினவங்கதான் அதிகம். அந்தக் காலாங் கட்டடம் இன்னும் நிக்குது, அந்தப் பக்கம் போனா பாருங்க.