வாங்கு

கிழக்கிலங்கையின் மருதமுனையில் ‘வாங்கு’ என்றால் மூன்று பொருள். கடையில் சாமான் வாங்குவது தமிழ் வினை. பிள்ளைகள் வரிசையாக உட்காரும் நீளப் பலகை வாங்கு, போர்த்துக்கீசரின் ‘பாங்கோ’. மூன்றாவது, பள்ளிவாசலிலிருந்து நாளுக்கு ஐந்து நேரம் எழும் தொழுகை அழைப்பு. அது பாரசீகச் சொல்.

பாரசீகத்தில் ‘பாங்’ என்பது குரல், கூவல். சேவல் கூவுவதும் பாங்தான். இக்பால் 1924இல் வெளியிட்ட உருதுக் கவிதைத் தொகுப்பு ‘பாங்கே தரா’வின் தலைப்பிலோ அது ஒட்டகக் கூட்டத்தின் மணியோசை. தமிழ்ச் சொல்லின் முதலில் அந்த அழுத்தமான பகரம் நிற்காது. அதனால் சில இடங்களில் ‘பாங்கு’ என்றும், கிழக்கிலங்கையில் ‘வாங்கு’ என்றும் ஆயிற்று. பாரசீகத்தின் பழைய வடிவமான பகலவியிலும் இது ‘வாங்’தான். அந்த ஒற்றுமையைக் கொண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை. பாரசீகத் தொடர்பே இல்லாத ‘பாங்கோ’வும் இப்படித்தான் வாங்கு ஆனது.

அரபியில் இந்த அழைப்பின் பெயர் ‘அதான்’. காதைக் குறிக்கும் ‘உதுன்’ அதே வேரில் பிறந்தது. பாரசீகம் கூவுகிறவரின் தொண்டையைப் பார்த்துப் பெயரிட்டது. அரபி கேட்கிறவரின் காதைப் பார்த்தது. தமிழ் வினை அடக்கமானது: வாங்கு ‘சொல்லுவார்கள்’, கூவமாட்டார்கள். “வாங்கு சொல்லிட்டா?” என்ற கேள்வி பாதி நேரம் மணி கேட்பதற்குத்தான்.

காதின் பக்கம் நின்றால் அதிகாலை சுபஹு வாங்குக்கு நிகரில்லை. விடியுமுன் தரை குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய காற்று மேற்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் கீழே இறங்குகிறது. தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றும் சேர்ந்தால், தோணியில் இருப்பவருக்கும் கேட்கும். வழியில் காற்று கூர்மையான ஒலிகளை உறிஞ்சிவிடுவதால் ஒலிபெருக்கியின் கரகரப்பு தேய்ந்து, நீட்டி ஒலிக்கும் உயிரெழுத்துகளே பெரும்பாலும் மிஞ்சுகின்றன. ஒரு கிலோமீட்டர் கடக்க ஒலிக்கு மூன்று வினாடி போல ஆகும். பல பள்ளிவாசல்கள் ஒரே நேரத்தில் தொடங்கினாலும், ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடிதான் வந்து சேரும்.

நண்பகல் லுஹர் வாங்குக்கு அந்த வாய்ப்பில்லை. சுட்ட தரை ஒலியை மேலே வளைத்துவிடும். போதாததற்கு மருதமுனை கைத்தறி ஊர். நாடா ஓடும் சத்தத்துக்குள் தூரத்துப் பள்ளியின் குரல் அமிழ்ந்துவிடும். நெய்கிறவர் மிதிப்பதை நிறுத்தி, நூலைக் கையால் பிடித்தபடி ஒரு கணம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.