அரிசி அறையின் சாவி

விலைவாசி ஏறும்போதெல்லாம், மூன்று மாதச் சாமானை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பத்திரிகைகள் யோசனை சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வலப்பனைத் தேயிலைத் தோட்டங்களில் அதைக் கேட்கும் தாய்க்கு முதலில் ஞாபகம் வருவது கடைக் கொப்பியில் நிற்கும் போன மாதப் பாக்கி. நான் இராகலைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் அடுப்படிக்கு அரிசி வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அரிசி அறையின் சாவி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவரிடம் இருந்தது. சமைக்கிறவளிடம் அது ஒருபோதும் இருந்ததில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் களஞ்சியத்தைப் பறிகொடுத்த முதல் ஆட்கள் நாங்கள் அல்ல. தோட்டங்களுக்குக் கீழே சிங்களக் கிராமத்து வீடுகளில் ‘வீ பிஸ்ஸ’ என்ற நெற்கூடு இருந்தது. 1880களில் ஆங்கில அரசு தானிய வரியைக் கறாராக வசூலித்தது. கட்ட முடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் போயின. வலப்பனையில் நிலம் இழந்த குடும்பங்கள் பட்டினியில் செத்துப்போனதை நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரே அறிக்கையாக எழுதினார். அந்த அறிக்கை லண்டன் வரைக்கும் சர்ச்சையைக் கிளப்பியது. தானிய வரியை ஒழிக்கும் முடிவு 1892இல்தான் வந்தது. நெல் விளைவித்தவனுக்கே இந்தக் கதி என்றால், ஒரு பிடி நிலமும் இல்லாமல் கடல் கடந்து வந்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் அரிசி அளந்தவர், ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணி. கப்பல் செலவு, வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாவற்றையும் அவர் ஆள் பேரில் கடனாக எழுதினார். அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பிறகு அரிசி தோட்ட ஸ்டோருக்குப் போனது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நாட்கூலியை நிர்ணயித்ததோடு, தோட்டம் தொழிலாளிக்குக் கட்டுப்பாட்டு விலையில் அரிசி கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அரிசி தோட்டத்துடையது. விலையைச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1904இல் வந்த சின்ன ரயில், தேயிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. உள்ளூர் வயலும் எங்கள் உலையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

என் அம்மாயி அந்தக் காலத்து ஆள். கிழமைக்கு ஒருக்கா அரிசி போடும் நாளில், சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் வரிசையில் நின்றதைச் சொல்வார். “புள்ளைக எத்தன பேருன்னு கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். பசி எத்தன பேருக்குன்னு எனக்குத்தானே தெரியும்” என்பார். அளந்து கொடுத்த அரிசியிலிருந்துதான் அவர் சேமித்தார். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அந்தப் பிடி அரிசியைத் தொட வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை. காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி, வேலையில்லாத கிழமைக்குச் சோறு, திருவிழாவுக்குப் பொங்கல், எல்லாம் அந்தப் பானையிலிருந்துதான்.

பத்தடி காம்பராவில் சாமான் வைப்பதும் ஒரு வித்தைதான். மலைக் குளிரில் சுவரும் தரையும் வேர்க்கும். அரிசிச் சாக்கு தரையில் படாமல் இரண்டு பலகைக்கு மேல் நிற்க வேண்டும். உப்பு பனியில் கசியும் என்பதால் உப்புச் சட்டி அடுப்போரத்தில் இருக்கும். அடுப்புக்கு மேலே பரணில் விறகு காயும். அதன் கீழே நாரில் கட்டிய கருவாடு புகையில் தொங்கும். செத்தல் மிளகாயும் மல்லியும் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். கீழே நில்தண்டாஹின்னப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பலாக்கொட்டை கொண்டுவருவார்கள். தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூளில் கொஞ்சத்தை அம்மாயி அவர்களுக்குக் கொடுத்துக் கொட்டையை வாங்கி, காய்ந்த மணலில் புதைத்து வைப்பார். மழை மாதத்தில் அதைச் சுட்டுத் தின்போம். பாஷை தெரியாத இரண்டு பெண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து செய்த அந்தப் பண்டமாற்றை நான் மரியாதையோடு நினைக்கிறேன். இரண்டு வீட்டுப் பஞ்சத்தையும் அது கொஞ்சம் தள்ளிப்போட்டது.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீடு வந்தது. சாவி இப்போது அரசாங்கத்தின் கையில். கூப்பன் புத்தகம் வீட்டின் முதல் சொத்தானது; அதைத் துணியில் சுற்றிச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார்கள். அரிசிக்குப் பதில் கோதுமை மாவு பெருவாரியாக வந்தது. இன்றைக்கு மலையகத்தின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் ரொட்டியும் சம்பலும் லயத்தில் வேரூன்றியது இந்தப் பங்கீட்டு மாவினால்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்கும் போனது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடே ஹர்த்தால் செய்து ஒரு பிரதமரைப் பதவி விலக வைத்தது. அரிசி விலையைக் கேள்வி கேட்கும் வாக்குப் பலம் நாட்டில் மற்றவர்களுக்கு இருந்தது. எங்களில் பெரும்பாலோருக்கு இல்லை.

அந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதை 1973, 74இல் கண்ணால் பார்த்தேன். உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேறின. பங்கீடு குறைக்கப்பட்டது. ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகத் தடை வந்தது. சொந்த வயல் உள்ளவன் சமாளித்தான், தோட்டத்தில் வயல் ஏது? வேலை நாட்களும் குறைந்தன. மரவள்ளிக் கிழங்கு, காட்டுக் கீரை, கடைசியில் சாயத்தண்ணி மட்டும். அம்மாயியின் பிடி அரிசிப் பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. போடுவதற்கு முதல் பிடியே இல்லாத வீட்டில் எதைச் சேமிப்பது? நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் சாவு மிக அதிகமாக ஏறியது. எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்கும் வன்னிக்கும் போயின. எங்கள் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையானது.

1979இல் பங்கீட்டு அரிசிக்குப் பதில் உணவு முத்திரை வந்தது. விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. சாவி கடைசியாக டவுன் கடைக்காரரின் கொப்பிக்குள் வந்து சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பள நாள்வரை சாமான் தந்து பல வீடுகளைக் காத்தவர் அவர். ஆனால் கொப்பியில் வாங்குபவர் விலை பேச முடியாது. மலிவான இடத்துக்குப் போகவும் முடியாது. கையில் மொத்தமாகக் காசு விழுவது தீபாவளி முன்பணத்தின்போதுதான். அதுவும் மாதா மாதம் சம்பளத்தில் கழியும்.

2021இல் நாட்கூலி 1,000 ரூபாயானபோது சந்தோஷப்பட்டோம். அதே வருஷம் இரசாயன உரத் தடையால் கொழுந்து குறைந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. அந்தச் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். லயங்களில் மூன்று வேளை ரொட்டி இரண்டானது. பிறகு அந்த இரண்டும் சின்னதானது. காசுள்ளவர்கள் விலையேற்றத்துக்கு முன்பே மூட்டை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை. முன்கூட்டி வாங்க வழியில்லாதவர்கள்தான் ஏறிய விலையை முழுதாகக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

இங்கே சேமிப்பு விலைக்காக மட்டும் தேவைப்படுவதுமில்லை. 2007 ஜனவரியில் வலப்பனையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தின் ரோடுகளை அறுத்தது. லாரி வராத நாட்களில் வீட்டில் இருக்கும் அரிசிதான் உயிர்.

ஆகவே யோசனை சொல்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. லயத்துத் தாய்க்குச் சிக்கனம் படிப்பிக்க வேண்டாம். அவளுக்கு அது பரம்பரையாகத் தெரியும். அவளுக்கு வேண்டியது மாதம் முழுவதற்கும் உறுதியான சம்பளம், வீட்டோடு சேர்த்து மரக்கறி போட உறுதிப்பத்திரத்துடன் ஒரு துண்டு நிலம், மொத்த விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் பெண்களே நடத்தும் கூட்டுறவுக் கடை. தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தையும் சாமான் சீட்டையும் நாணயமாக நடத்திக் காட்டிய பெண்கள் இவர்கள். அரிசி அறையின் சாவியை இவர்களிடம் கொடுக்க இனியும் தாமதிக்கக் கூடாது.