விசைகளுக்கு விடுதலை வந்த கதை

1970-களில் வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறி மாட்டுங்காவில் வந்து இறங்கிய தமிழ் இளைஞர்கள் பலருக்கு மூலதனம் என்று இருந்தவை டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹாண்டும்தான். அந்த ஊரின் கோத்ரெஜ் நிறுவனம் 1955-லிருந்தே தட்டச்சு இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது. டைப் அடிப்பவரின் இடக்கை விரல்கள் ஏ-எஸ்-டி-எஃப் மேலும், வலக்கை விரல்கள் ஜே-கே-எல்-செமிகோலன் மேலும் குடியிருக்கும். ஏ-யைத் தட்டினால் தாளில் ஏ விழும், வேறெதுவும் விழாது. தப்பாக விழுந்துவிட்டால் ரப்பரை எடுக்க வேண்டும். அடியில் மூன்று கார்பன் நகல் இருந்தால் மூன்றிலும் அழிக்க வேண்டும். ஒரு விசைக்கு ஒரே வேலை என்ற இந்தச் சட்டத்தை, அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு சிறு கூட்டம் உடைத்துக்கொண்டிருந்தது.

கணினியோடு பேசுவதற்கு அப்போது பலருக்குக் கிடைத்தது டெலிடைப் மாடல் 33. 1963-ல் வந்த அந்த இயந்திரத்துக்குத் திரையே கிடையாது. வினாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் காகிதச் சுருளில் தடதடவென்று அடிக்கும். அச்சாகிவிட்ட எழுத்தை எப்படி அழிப்பது? 1969-ல் பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸ் ஒரு வழி வைத்திருந்தது: ஹேஷ் குறியைத் தட்டினால் முந்தைய எழுத்து ரத்து, அட் குறியைத் தட்டினால் வரி முழுக்க ரத்து. காகிதத்தில் குப்பை அப்படியே நிற்கும். கணினி மட்டும் அதை மறந்துவிடும். அந்த டெலிடைப்பில் 'கண்ட்ரோல்' என்றொரு விசையும் இருந்தது. கண்ட்ரோல்-எஸ் தட்டினால் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி நிற்கும், கண்ட்ரோல்-கியூ தட்டினால் மறுபடி ஓடும். இயந்திரத்தை நிறுத்தவும் ஓட்டவும் வைத்த அந்த விசைக்கு வேறொரு பிழைப்பு காத்திருந்தது.

எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் டெக்கோ என்ற எடிட்டர் புழங்கியது. திருத்தங்களைக் கட்டளைகளாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். திருத்தும்போதே எழுத்து மாறுவதைப் பார்க்க முடியாது. கார்ல் மிக்கெல்சன் என்பவர் அதில் கண்ட்ரோல்-ஆர் என்ற புதிய முறையைச் சேர்த்தார். அதில் நுழைந்துவிட்டால், விசையைத் தட்டத் தட்டத் திரை மாறும். ஸ்டான்ஃபோர்டில் 'ஈ' என்ற எடிட்டரைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மன், மிக்கெல்சனின் வேலையைக் கையில் எடுத்துச் சீராக்கினார். கூடவே ஒரு சின்ன வசதியையும் வைத்தார்: எந்த விசையோடும் எந்த நிரலையும் கட்டிக்கொள்ளலாம். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

விசைகளுக்கு விடுதலை கிடைத்ததும் ஆளாளுக்கு ஒரு தொகுப்பு முளைத்தது. ஒருவருக்கு வார்த்தையை அழிக்கும் விசை, அடுத்தவருக்கு வேறெதையோ செய்தது. சக ஊழியரின் எடிட்டரில் கை வைத்தால் கூடத்தின் பழம்பெரும் புலிகளே தடுமாறினார்கள். இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த 1976-ல் கை ஸ்டீல் என்பவர் இறங்கினார். நல்லவற்றைத் திரட்டி அவர் தொடங்கியதை ஸ்டால்மன் முடித்தார். பெயர் ஈமாக்ஸ். வரியின் தொடக்கத்துக்குக் கண்ட்ரோல்-ஏ, முடிவுக்குக் கண்ட்ரோல்-ஈ, மிச்ச வரியை வெட்டக் கண்ட்ரோல்-கே என்று ஒரு பொது வழக்கம் உருவானது. ஆனால் அந்தச் சுகமெல்லாம் எடிட்டருக்குள்தான். கணினிக்கு நேரடியாக ஆணையிடும் கட்டளை வரியில், நடுவில் ஓர் எழுத்து பிசகினால் அதுவரை பின்வாங்கி அழித்துத் திரும்ப அடிக்கும் நிலைமைதான் நீடித்தது.

கட்டளை வரியை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பெர்க்லியில் பில் ஜாய் என்பவர் தன் சி-ஷெல்லில், இரண்டு ஆச்சரியக்குறி இட்டால் முந்தைய கட்டளை திரும்ப ஓடும்படி செய்தார். பெரிய உதவிதான், என்றாலும் வரிக்குள் கர்சரை நகர்த்தித் திருத்த அதில் வழியில்லை. அதையும் சேர்த்துத் தந்தது பெல் லேப்ஸின் டேவிட் கார்ன் 1983-ல் வெளியிட்ட கார்ன்-ஷெல். ஈமாக்ஸ் விசைகள் வேண்டுமா, பில் ஜாயின் வி-ஐ எடிட்டர் விசைகள் வேண்டுமா, எது வேண்டுமானாலும் கிடைத்தது. ஆனால் அது பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் சொத்து, உரிமம் இல்லாதவர்கள் ஆசைப்பட முடியாது. அதே 1983 செப்டம்பரில்தான் ஸ்டால்மன் எல்லோருக்கும் சொந்தமான க்னூ என்ற இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கும் ஒரு ஷெல் தேவைப்பட்டது.

முதலில் பொறுப்பேற்றவரின் வேலை நகரவில்லை. ஸ்டால்மன் பொறுமை இழந்து, பிரையன் ஃபாக்ஸ் என்ற இளைஞரிடம் அதை ஒப்படைத்தார். ஃபாக்ஸ் 1988 ஜனவரியில் எழுதத் தொடங்கினார். 1989 ஜூனில் பாஷ் ஷெல்லின் சோதனைப் பதிப்பு வெளியானது. என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் பாஷ் அல்ல, அதன் வயிற்றுக்குள் இருந்த ரீட்லைன் என்ற பகுதி. வரியைத் திருத்தும் வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டது அதுதான். அதைத் தனி நூலகமாகப் பிரித்தபோது எந்த நிரலும் கடன் வாங்கலாம் என்றானது. கடனுக்கு ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: ரீட்லைனைச் சேர்த்து வெளியிடும் நிரலும் அதே கட்டற்ற உரிமத்தில் வர வேண்டும். 1992-ல் லிஸ்ப் மொழியை ஓட்டும் சி-லிஸ்ப் நிரலின் ஆசிரியர் இதை எதிர்த்து வாதாடிப் பார்த்தார். கடைசியில் தன் நிரலின் உரிமத்தையே மாற்றிக்கொண்டார். வெறும் விசைத் திருத்த வசதிக்காக ஒரு முழு மொழியின் நிரலுக்கு உரிமம் மாறியது!

அதற்கு ஓராண்டு முன்பே ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் காரியத்தில் இறங்கியிருந்தார். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தார். அதில் ஓடும் நிரல்கள் என்று அவர் சொன்னவை இரண்டு. ஒன்று சி-மொழிக் கம்பைலர், மற்றது பாஷ். லினக்ஸ் என்ற பெயர் வெளியே வருமுன்பே, எம்.ஐ.டி.யின் விசைகள் அதற்குள் குடியேறிவிட்டன.

இன்று செம்பூர் ஃபிளாட் ஒன்றின் மடிக்கணினியில் லினக்ஸின் டெர்மினல் எனும் கறுப்புத் திரை திறந்தால், கண்ட்ரோல்-ஏ தட்டியதும் கர்சர் வரியின் முன்னால் போய் நிற்பது இதனால்தான். விரும்பிய விசையை விரும்பிய வேலையோடு கட்டும் அந்தப் பழைய எம்.ஐ.டி. உரிமையும் அப்படியே இருக்கிறது. பயனரின் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் 'இன்புட்-ஆர்சி' என்ற கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்: விசையின் அடையாளம், ஒரு முக்காற்புள்ளி, பிறகு வேலையின் பெயர். மேல் அம்புக்குறியை 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்' வேலையோடு கட்டிவிட்டால், 'கிட்' என்று அடித்து அம்பைத் தட்டியதும் 'கிட்' என்று தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் வரிசையாக வரும். வேலை நாள் முழுக்க டெர்மினலில் கழிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி செய்யும் உபகாரம் பெரிது.

டெலிடைப்பின் ஆவி மட்டும் இன்னும் இறங்கவில்லை. ரீட்லைனில் கண்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளைப் பின்னோக்கித் தேடும், கண்ட்ரோல்-எஸ் முன்னோக்கித் தேடும். ஆனால் பல டெர்மினல்களில் கண்ட்ரோல்-எஸ் தட்டினால் திரை உறைந்துவிடும்! கணினி தொங்கிவிட்டதென்று புதியவர்கள் பயந்து ஜன்னலையே மூடிவிடுவார்கள். காகித நாடாவை நிறுத்திய அதே ஆணை இன்று திரையை நிறுத்துகிறது. கண்ட்ரோல்-கியூ தட்டினால் விடுபடும். 'எஸ்டிடிஒய் மைனஸ் ஐஎக்ஸ்ஆன்' என்ற வரியை 'பாஷ்-ஆர்சி' கோப்பில் சேர்த்துவிட்டால் தொல்லையே இல்லை.

பாஷையும் ரீட்லைனையும் இன்றும் பராமரித்து வருபவர் செட் ராமி. கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடி பாஷின் பிழைகளைத் திருத்த ஆரம்பித்து, ஃபாக்ஸ் விலகியதும் முழுப் பொறுப்பையும் ஏற்றவர் அவர். பாஷைக் கற்க விரும்புவோருக்கு, மும்பை பவாய் ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போகன் டுடோரியல் திட்டத்தில் பாஷ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அலுவலகக் கணினியானாலும், இன்புட்-ஆர்சி கோப்பில் எழுத அட்மினின் பாஸ்வேர்ட் தேவையில்லை.