பழைய மோட்டார் சைக்கிளின் மின்னமைப்பும் விளக்குப் பழுதுகளும்

மோட்டார் சைக்கிளின் மின்னமைப்பு என்பது, எஞ்சினின் சுழற்சியிலிருந்து மின்சாரத்தை உற்பத்தி செய்து, அதில் ஒரு பகுதியைப் பாட்டரியில் சேமித்து, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கும் விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் இண்டிகேட்டர்களுக்கும் பகிர்ந்தளிக்கும் உறுப்புகள் யாவற்றையும், அவற்றை இணைக்கும் கம்பிகளையும் ஒருங்கே குறிப்பதாகும். புதிய வண்டியில் இது கவனத்திற்கு வராமலே தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். பல கைகள் மாறி, பல மழைக்காலங்களில் நனைந்த வண்டியிலோ, எஞ்சின் இன்னும் திடமாக இருக்கும்போதே முதலில் தளர்வது இதுதான். இந்தியச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுள், 1955-இல் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட், 1985-இல் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, 1994-இல் வெளிவந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் ஆகிய மூன்றும் இவ்விஷயத்திற்குத் தக்க உதாரணங்களாகும்.

பழைய வண்டியின் மின்பழுதுகளைப் பற்றி முதலிலேயே சொல்லத்தக்க உண்மை ஒன்று உண்டு. பாட்டரி, ரெக்டிபையர், காயில், பல்பு என்று விலைகொடுத்து வாங்கும் உறுப்புகளில் உண்டாகும் கோளாறுகளைக் காட்டிலும், அவற்றிற்கு இடையேயுள்ள இணைப்புகளில், அதாவது கப்ளர்களிலும் கம்பி முனைகளிலும் சுவிட்சுகளின் தகடுகளிலும் எர்த்துத் திருகுகளிலும் உண்டாகும் கோளாறுகளே மிகுதி. அவ்வாறிருந்தும், விளக்கு மங்கினால் பாட்டரியை மாற்றுவதும், பாட்டரி இறங்கினால் ரெக்டிபையரை மாற்றுவதும் வழக்கமாகிவிட்டது. அளந்து பார்க்குமுன் எந்தப் பொருளையும் வாங்கலாகாது என்ற ஒரே நியமத்தைக் கைக்கொள்பவர், பணவிரயத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுவார்.

மின்சாரத்தின் பாதை: எஞ்சினோடு சுழலும் காந்தம், ஸ்டேட்டர் என்னும் நிலையான சுருள்களில் மாறுதிசை மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது, ரெக்டிபையர் அதை நேர்திசை மின்சாரமாக்க, ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தை வரம்புக்குள் நிறுத்த, அது பாட்டரியை அடைந்து, பியூஸ் வழியாகவும் சாவி சுவிட்ச் வழியாகவும் ஒவ்வோர் உறுப்புக்கும் செல்கிறது. சென்ற மின்சாரம் திரும்பிவருவதற்குப் பல வண்டிகளில் தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே அதன் திரும்பும் பாதை; இதையே எர்த்து என்பர். ஆகவே அவ்வண்டிகளின் ஒவ்வொரு மின்சுற்றிலும் பாதி, கம்பியாகக் கண்ணில் படாத பாதியாகும். விற்பனைக்காக வண்டிக்குப் புது வர்ணம் பூசும்போது எர்த்து வளையம் அமரும் இடத்திலும் வர்ணம் படிந்துவிட்டால், வெளித்தோற்றத்தில் புதிதான அந்த வண்டி உள்ளே குருடாகிவிடும். புது வர்ணம் பூசிய பழைய வண்டியில் விளக்குகள் விசித்திரமாக நடந்துகொண்டால், எர்த்துத் திருகைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் முடுக்குவதே முதல் சிகிச்சை.

இவ்வமைப்பு எல்லா வண்டிகளிலும் ஒரே விதமாக அமைவதில்லை. பொறிக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் பொறிக்கான மின்சாரம் பாட்டரியிலிருந்தே வருவதால், பாட்டரி முற்றிலும் இறங்கினால் கிக்கரை எவ்வளவு உதைத்தும் பயன் காண்பது அரிது. ஆர்.எக்ஸ். 100, பழைய ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் பொறிக்கென்று தனிச் சுருள் இருப்பதால், பாட்டரியே இல்லாமலும் எஞ்சின் உயிர்பெறும். அதுபோலவே, பழைய 100 சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஹெட்லைட்டுக்குப் பாட்டரியோடு சம்பந்தமே இல்லை. மாறுதிசை மின்சாரத்தாலேயே அது எரிகிறது. சிக்னலில் நிற்கும்போது அது மங்குவதும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பிரகாசிப்பதும் அவ்வமைப்பின் இயல்பு. இதை நோயென்று கருதி நல்ல பாட்டரியை மாற்றுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பாட்டரிப் பரீட்சை: ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி, முழுமையாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டவேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதில் சக்தி அநேகமாகத் தீர்ந்துவிட்டது என்று பொருள். இரவு முழுதும் சார்ஜ் ஏற்றியும் 10.5 வோல்ட்டின் அருகிலேயே நின்றால், ஓர் அறை செயலற்றுப்போயிற்று என்று துணியலாம். அத்தகைய பாட்டரியை மீட்க வழியில்லை. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் படிவைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, முடுக்கியபின் சிறிது வாஸலின் தடவிவிடுவது நன்று. குறைந்த அளவை நிரப்ப டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றலாகாது. குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிப்படுமாதலால் அருகே நெருப்புப் பொறி கூடாது. எர்த்தாகிய நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி இறுதியில் மாட்டவேண்டும். அவ்வாறு செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டாலும் அபாயமில்லை.

அடுத்தது எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் பரீட்சை. மத்திய வேகத்தில் முறுக்கும்போது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். முறுக்கியும் ஏறாவிட்டால் ஸ்டேட்டர், ரெக்டிபையர், இடையிலுள்ள கப்ளர் ஆகிய மூன்றில் ஒன்று குற்றவாளி; 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் தன் கடமையைச் செய்யவில்லை, பாட்டரி கொதித்து வற்றும். ரெக்டிபையரைச் சந்தேகிக்குமுன் அதன் கப்ளரைப் பிரித்துப் பார்க்கவேண்டும்; பழுப்பேறி உருகியிருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. எஞ்சின் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றி “சார்ஜ் வருகிறதா” என்று சோதிக்கும் பழைய வழக்கத்தை விட்டொழிப்பது நல்லது. அக்கணத்தில் எழும் மிகையழுத்தம் ரெகுலேட்டரையும் பல்புகளையும் ஒருங்கே அழிக்கவல்லது.

புல்லட் வைத்திருப்பவர்க்கு ஹெட்லைட் டூமின்மேல் அமைந்த ஆம்மீட்டர் ஒரு பெரும் பாக்கியம். சாவியைத் திருகியவுடன் அதன் முள் மைனஸ் பக்கம் சாய்வதும், வண்டி ஓடத் தொடங்கியபின் பிளஸ் பக்கம் சென்று, பாட்டரி நிரம்பியதும் நடுவை ஒட்டி நிற்பதும் ஆரோக்கியத்தின் அடையாளம். முறுக்கியும் முள் மைனஸிலேயே கிடந்தால் சார்ஜ் இல்லை. எப்போதும் பிளஸின் கோடியிலேயே நின்றால் பாட்டரி கெட்டிருக்கலாம், அல்லது ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். ஆயினும், பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் அந்த மீட்டரின் வழியாகவே செல்வதால், அதன் பின்புற நட்டு தளர்ந்தால் வண்டி முழுவதும் ஒரே நொடியில் இருண்டுவிடும். பாயின்ட் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருக்க, சாவியைத் திருகியபடியே மறந்துவிட்டால், பொறிக்கான காயிலின் வழியாக இடைவிடாது மின்சாரம் ஓடிக் காயிலும் சூடேறும், பாட்டரியும் இறங்கும் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும்.

மங்கும் விளக்கு: இழைவிளக்கின் பிரகாசம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறைகிறது. பல்புக்குக் கிட்டும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே 12 வோல்ட் கிடைக்கவேண்டிய இடத்தில் 10.8 வோல்ட் கிடைத்தால், பார்வைக்கு எரிவதுபோலத் தோன்றும் விளக்கு, இரவில் பள்ளத்தைக் காட்டும் திறனைப் பெரிதும் இழந்துவிட்டது. இந்த இழப்பு எங்கே நேர்கிறது என்பதை விளக்கை எரியவிட்டபடியே அளக்கவேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றைப் பல்பின் எர்த்து முனையிலும் வைத்தால் அநேகமாகச் சுழியம் காட்டவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்துப் பாதை கெட்டிருக்கிறது. பாட்டரியின் பாஸிட்டிவிலிருந்து பல்பின் மறுமுனைவரை அவ்வாறே அளந்தால், சாவி சுவிட்சும் டிம்மர் சுவிட்சும் விழுங்கும் பங்கு வெளிப்படும். ஹெட்லைட் பாட்டரியால் எரியாத வண்டியில் பாட்டரியின் முனைகளுக்குப் பதிலாக ரெகுலேட்டரின் முனைகளிலிருந்து, மீட்டரை மாறுதிசை அளவில் வைத்து, இதே பரீட்சையைச் செய்யலாம்.

விளக்கு எரியாத சுற்றில் மீட்டரை மாத்திரம் நம்புவது ஏமாற்றம் தரும். கம்பியின் உள்ளே மற்ற எல்லா இழைகளும் களிம்பேறி அற்று, ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும், சுமையற்ற நிலையில் மீட்டர் 12 வோல்ட் முழுமையாகக் காட்டும். விளக்கைப் போட்டவுடன் அது ஒன்றுமில்லாமற் போகும். ஆகையால் பழைய எலக்ட்ரீஷியன்கள் ஒரு பல்பில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துச் செய்துகொண்ட டெஸ்ட் லைட், விலையுயர்ந்த கருவிகள் வந்த பின்னரும் மதிப்பிழக்கவில்லை. கடற்காற்று வீசும் ஊர்களில் ஓடிய வண்டியில் இக்களிம்பு ரப்பர் உறைக்குள்ளேயே வெகுதூரம் ஊர்ந்திருக்கும்; கம்பியைச் சீவும்போது செம்பு கறுத்தோ பச்சையாகவோ தோன்றினால், பளபளக்கும் இடம் வரும்வரை வெட்டிவிட்டு, புதுக்கம்பியை ஈயம் வைத்து இணைக்கவேண்டும்.

வெளிச்சம் போதவில்லையென்று பழைய 100 சி.சி. வண்டியில் 35 வாட் பல்பை எடுத்துவிட்டு 60 வாட் பல்பைப் பொருத்துவது மிகப் பரவலான தவறு. 12 வோல்ட்டில் 35 வாட் பல்பு இழுப்பது சுமார் 3 ஆம்பியர். 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர். அச்சிறு வண்டியின் ஸ்டேட்டர் அதைக் கொடுக்கமாட்டாது. டிம்மர் சுவிட்சின் தகடுகள் சூடேறித் தீயும். இழைக்கென்று வடிவமைத்த ரிப்ளெக்டரில் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் உத்தமமான வழியன்று. ஒளி உரிய இடத்தில் குவியாமல் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கெட்ட இணைப்புகளைச் சீர்செய்து, மங்கிய ரிப்ளெக்டரை மாற்றினாலே பெரும்பாலான வண்டிகளில் வெளிச்சம் திருப்தியாகிவிடும்.

பல்புகள் அடிக்கடி தீய்வதற்கும் காரணம் மின்னழுத்தம்தான், ஆனால் இங்கே அது மிகுவது. உரிய அளவுக்குமேல் நூற்றுக்கு ஐந்து பங்கு அழுத்தம் கூடினாலே இழையின் ஆயுள் பாதியாகிறது. ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் ஒரே மாறுதிசைச் சுருளில் எரியும் பழைய அமைப்பில், ஹெட்லைட் பல்பு தீய்ந்தால் அதற்கான சக்தியும் டெயில் லைட்டின்மேல் பாய்ந்து அதையும் உடனே தீய்த்துவிடக்கூடும். இரண்டும் ஒரே இரவில் போயின என்றால் ரெகுலேட்டரையும் அதன் எர்த்தையும் பார்க்காமல் புதுப் பல்புகளை மாட்டக்கூடாது.

எர்த்து கெட்டதற்கு மிகத் தெளிவான சாட்சி, ஒரு விளக்கின் வேலையில் மற்றொன்று குறுக்கிடுவது. பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் அணைவதும், இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் பின்விளக்கும் கூடவே துடிப்பதும், தனக்குரிய வழி அடைபட்ட மின்சாரம் வேறொரு பல்பின் இழை வழியாக வீடு திரும்ப முயல்வதன் விளைவு. டெயில் லைட்டின் இரட்டை இழைப் பல்பில் சிறிய இழை 5 வாட், பிரேக்குக்குரிய பெரிய இழை 21 வாட். அதன் பக்கவாட்டு முள்கள் உயரத்தில் ஏற்றத்தாழ்வாக இருப்பது தலைகீழாகப் பொருந்தாமலிருக்கவே. தேய்ந்த ஹோல்டரில் பலவந்தமாக மாற்றிச் செருகினால், எப்போதும் பிரேக் எரிவதுபோல் தோன்றிப் பின்னால் வருபவர் ஏமாறுவார்.

பிரேக் லைட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு சுவிட்சுகள் உள்ள வண்டியில், கையால் பிடித்தால் எரிந்து காலால் மிதித்தால் எரியாவிட்டால், பல்பும் எர்த்தும் நலமே, கால் பக்கத்துச் சுவிட்சும் அதன் ஸ்பிரிங்குமே பழுது. வேலை செய்யும் பகுதியைக் கொண்டு வேலை செய்யாத பகுதியின் எல்லையைக் குறுக்கும் இந்த நியாயம் மின்னமைப்பு முழுவதற்கும் பொருந்தும். இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காக மின்னினால், அதைத் துடிக்கவைக்கும் பிளாஷர் குற்றமற்றது. மறுபக்கத்துப் பல்பையோ ஹோல்டரையோ தேடவேண்டும். பழைய வெப்ப பிளாஷர் பல்புகளின் வாட்டை நம்பியே துடிப்பதால், எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டினால் அது மின்னாமல் நின்றுவிடலாம்.

பியூஸும் கம்பிகளும்: பியூஸ் போய்க்கொண்டேயிருக்கும் வண்டியில், அதன் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்து, எல்லா விளக்குகளையும் அணைத்துவைத்து, சந்தேகத்திற்குரிய சுற்றுகளின் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது சிறந்த உபாயம். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும். பழுதுள்ள கிளையைப் பிரித்ததும் மங்கும் அல்லது அணையும். ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பது இன்றியமையாதது, ஏனெனில் கழுத்துப் பகுதியில் கம்பிகள் ஆயிரக்கணக்கான முறை வளைந்து உறை கிழிந்திருக்கும். பெட்ரோல் டாங்கின் அடிப்புறமும், பின் மட்கார்டின் உட்புறமும் அடுத்தபடியாகக் காணத்தக்கவை. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ ஈயத்தாளையோ சுற்றிவைப்பது, டாங்கின் கீழே தீக்கு வழிசெய்து வைப்பதேயாகும்.

கம்பிகளின் நிறத்தை ஊகித்து இணைப்பதும் விபரீதத்தில் முடியும். ஹோண்டா வழக்கில் பச்சை எர்த்து, கறுப்பு சாவிக்குப் பின்வரும் லைன். யமஹா வழக்கில் கறுப்பே எர்த்து, பழுப்பு சாவிக்குப் பின்வரும் லைன், பச்சையோ ஹெட்லைட்டின் டிம். ஒன்றில் பழகிய கை மற்றொன்றின் கறுப்பை லைன் என்று கொண்டால் உடனே ஷார்ட்தான். முந்தைய உடைமையாளர் மியூசிக் ஹாரனுக்கோ அலாரத்துக்கோ வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இடங்களில் நிறமும் நம்பத்தக்கதன்று. அத்தகைய ஒட்டுகள் மிகுந்திருந்தால், அவற்றைத் தனித்தனியே துரத்துவதைவிட வயரிங் முழுவதையும் புதிதாக மாற்றுவதே லாபம் என்பது அனுபவத்தில் கண்ட முடிவு.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானே எரியவேண்டும் என்பது விதி. அதற்கு முற்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் விளக்குச் சுவிட்ச் உண்டு. அத்தகைய வண்டியை வாங்க எண்ணுபவர், நண்பகலில் விலை பேசி முடித்துவிடாமல், அந்திக்குமேல் ஒருமுறை சென்று, எஞ்சினை ஓடவிட்டு, டிம், பிரைட், டெயில் லைட், இரண்டு பிரேக் சுவிட்சுகள், நான்கு இண்டிகேட்டர்கள் ஆகியவற்றை ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுப்பாராக.