தோம்பும் தாலியும்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைத் தாம்போதியால் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி, வேலணையை நோக்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கு, இருமருங்கும் வெண்மணலும் பனங்கூடலுமாய்த் தோன்றுகின்ற சிற்றூரே மண்கும்பான். இங்கே வெள்ளைப்புற்றடியில் வீரகத்தி விநாயகர் கோயில் கொண்டிருக்கிறார். கடற்கரையோரத்தில் முஸ்லிம் மக்கள் போற்றும் பள்ளிவாசல் நிற்கிறது. கிழக்கே அல்லைப்பிட்டியிற் பிலிப்பு நேரியார் ஆலயமும், மேற்கே சாட்டியிற் சிந்தாத்திரை மாதா ஆலயமும் கத்தோலிக்கரின் சரணாலயங்களாக விளங்குகின்றன. ஒரே கடற்காற்றைச் சுவாசித்து வாழ்ந்த இம்மூன்று சமயத்தாரும் விவாகம், கர்ப்பம், மரணம் என்னும் மூன்று பெருநிகழ்ச்சிகளைப் பற்றித் தத்தம் வேதாகமங்களின் வழியே சிந்தித்து வந்தவர்களாயினும், அவர்களை ஆண்ட சட்டம் அந்த வேதாகமங்களினின்றும் நேரே பிறந்ததன்று என்பதையும், பல சந்தர்ப்பங்களில் அரசாங்கத்தின் கணக்குப் புத்தகமே தர்மசாஸ்திரத்தின் போர்வையைப் போர்த்துக்கொண்டு வந்தது என்பதையும் இத்தீவுகளின் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது.

பழங்காலத்து மன்னரின் ஆணை இங்கே குடும்பத்தின் வாசலில் வந்து நின்றதாகத் தெரியவில்லை. அது துறைமுகத்தில் வந்து நின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழிற் பொறித்துவைத்த சாசனம், ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறைக்கு) வரும் பரதேசி வணிகரைக் காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியதென்றும், ஏனைய சரக்கு ஏற்றிய கலமாயின் செம்பாதி என்றும் விதிக்கிறது. எந்தப் பெண் எவனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும் என்ற விசாரணை அதில் இல்லை.

அந்த விசாரணை ஐரோப்பியரோடு வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தரும், பிரஜைகளின் ஆன்மாவையும் ஆதனத்தையும் ஒரே ஏட்டில் எழுதத் தலைப்பட்டனர். வேலணைத் தீவுக்கு லைடன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், கோயிற்பற்றுத்தோறும் ஒரு பாடசாலையும், பாடசாலைதோறும் தோம்பு என்னும் ஒரு பதிவேடும் வைத்தனர். ஞானஸ்நானமும் விவாகமும் அத்தோம்பில் ஏறவேண்டும். ஏட்டில் ஏறாத சம்பந்தத்திற் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் காணியில் உரிமை கோருவது கடினம். அரசாங்க உத்தியோகமோ ஞானஸ்நானம் பெற்றவனுக்கே. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்பதும் பெருங்குற்றமாயிற்று. ஆதலின், சீர்திருத்தச் சபையின் முன்னிலையிற் பகலில் மணம் முடித்தவர்களே, இரவில் வீட்டுக்குள்ளே கூறை கொடுத்துத் தாலி கட்டித் தம் குலாசாரத்தை நிறைவேற்றினர். விரதம் பிடித்து உண்ட வாழையிலையைப் பிறர் காணாதபடி கூரையிற் செருகி மறைத்தனர் என்று யாழ்ப்பாணத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி, அக்காலத்தின் இரட்டை வாழ்க்கையைச் சுருக்கமாக உணர்த்திவிடுகிறது.

ஆயினும் அதே ஒல்லாந்தரே நம் வழக்கங்களையும் எழுதிவைத்தனர் என்பது சரித்திரத்தின் விசித்திரம். தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒப்புவித்த தேசவழமை, தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் சம்மதத்தையும் பெற்றது. சமயச் சாயல் மிகக் குறைந்த அந்த நூலில் மந்திரத்தைவிடப் பரம்பரைச் சொத்தாகிய முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், மணத்தின்பின் ஈட்டிய தேடியதேட்டம் என்பனவே பெரிதும் பேசப்படுகின்றன. விதவையின் மறுமணம் அதில் நிந்திக்கப்படவில்லை. அவள் மறுமணம் செய்யின் முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கு யாரிடம் இருக்கவேண்டும் என்பதே அதன் கவலை. கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்திருந்தால், பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்றும், அந்நிலையில் அவளது சீதனத்தில் எதனையும் எடுத்துக் கொடுக்கக் கணவனுக்கு அதிகாரமில்லை என்றும் அது கூறுகிறது. சுற்றத்தார் கூடியிருக்க மஞ்சள் நீர் பருகிச் சுவீகாரம் செய்துகொள்ளும் முறையும் அதில் உண்டு.

இவ்வழக்கங்களைப் பொற்காலத்தின் சின்னமாக மெச்சுவதும் தகாது. அடிமைகளைப் பற்றிய அதிகாரம் அதே நூலில் இருக்கிறது. ஒருவனுடைய அடிமை வேறொருவனுடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் அப்பெண்ணின் எசமானுக்கே உடைமை. கருவின் புனிதத்தைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாத விதி இது: கரு உருவாகுமுன்னரே அதற்கு ஓர் உடையவன் எழுதப்பட்டிருந்தான். கோவியர், நளவர், பள்ளர் என்னும் சமூகங்களில் அடிமைகளாயிருந்தோரின் பெண் சிசுக்களைப் பிறந்தவுடன் அரசாங்கமே விலை கொடுத்து விடுவிக்கும் ஒழுங்கு 1821இல் வந்தது. அடிமைத்தனம் முற்றாக ஒழிந்தது 1844இல்.

ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். அதே ஆண்டில் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கென வெளியான சட்டக்கோவை 1852இல் இலங்கை முழுவதற்கும் விரிந்தது. இவ்வாறு, மண்கும்பானில் அயலயலே வாழ்ந்த இரு குடும்பங்கள் விவாகத்திலும் வாரிசுரிமையிலும் வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டன. தமிழ்ச் சைவரும் தமிழ்க் கிறிஸ்தவரும், வணங்கும் தெய்வம் வேறாயினும், ஒரே தேசவழமையின் கீழ் நின்றனர். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் வந்தபின்பு, நம்மவர் பதிவை ‘எழுத்து’ என்று அழைத்து, பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் அருகே அதற்கும் ஓர் இடம் கொடுத்தனர். எழுத்தில்லாமல் வழமைப்படி நடந்த கலியாணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டமோ, மணமான பெண் தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்றது. 1951இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களை நிலைநிறுத்திற்று. ஆனால் பதிவில் மணமகளின் கையொப்பத்தை அது கட்டாயமாகக் கேட்கவில்லை. அச்சட்டத்தைத் திருத்துவதற்கென 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, தன் அறிக்கையை 2018இலேதான் கையளித்தது.

இனிக் கர்ப்பத்துக்கும் மரணத்துக்கும் வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிச் செய்யப்படும் கருச்சிதைவை மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கிற்று; சிசு வயிற்றில் அசையத் தொடங்கியபின்பாயின் ஏழாண்டு. தற்கொலைக்கு முயன்றவனுக்கு ஓராண்டு வரை சிறை. தற்கொலைக்கு உடந்தையாயிருந்தவனுக்கு மரண தண்டனை. இவ்விதிகள் சைவ ஆகமத்திலிருந்தோ குர்ஆனிலிருந்தோ எடுக்கப்பட்டவையல்ல. பெரும்பாலும் 1860இல் இந்தியாவுக்கென ஆங்கிலேயர் இயற்றிய கோவையின் வழிவந்தவை. சிசுவின் அசைவைக் கொண்டு தண்டனையை அளக்கும் முறையை இங்கிலாந்து தன் மண்ணில் 1837இலேயே கைவிட்டிருந்தது.

நம் பழைய நூல்களிலும் கருச்சிதைவு பாவமே. ஆலத்தூர்கிழார் பாடிய புறநானூற்றின் 34ஆம் பாட்டு, பசுவின் மடியை அறுத்தவரோடு கருவைச் சிதைத்தவரையும் பெரும்பாவிகளின் வரிசையிலே வைக்கிறது. ஆனால் அப்பாவங்களுக்கெல்லாம் கழுவாய் உண்டு என்றும், நன்றி கொன்றவனுக்கே உய்வில்லை என்றும் அது முடிப்பது ஊன்றி நோக்கத்தக்கது. பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்பது ஒரு சிந்தனை. பாவத்துக்குச் சிறைச்சாலை என்பது மற்றொரு சிந்தனை. கோப்பெருஞ்சோழன் உண்ணாது வடக்கிருந்தபோது பிசிராந்தையாரும் உடனிருந்து உயிர்விட்டதை நட்பின் சிகரமாக நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். 1883இன் கோவையைக் கையில் ஏந்திய வழக்கறிஞரோ அங்கே அருகிருந்து உதவியவர்களைத் தூக்குமேடைக்கு அனுப்பவும் வாதிடக்கூடும். இஸ்லாமிய சட்ட அறிஞர்களுள் பலர், நூற்றிருபதாம் நாளில் சிசுவுக்கு ஆன்மா ஊதப்படுகிறது என்பதை வைத்து முன்னும் பின்னும் வேறுபடுத்தினர். கத்தோலிக்கத் திருச்சபையோ கருத்தரித்த கணமுதல் உயிர் காக்கப்படவேண்டும் என்று போதிக்கிறது. இத்தனை அபிப்பிராய பேதங்களுக்கும் மேலே ஒரே சிறைவாசலை நாட்டியது ஆங்கில எழுத்துக்கோல்.

இவ்விதிகளைக் கடனாகக் கொடுத்தவர்கள் பின்னர்த் தம் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்து தற்கொலை முயற்சியை 1961இல் குற்றமல்ல என்றது. கருச்சிதைவை 1967இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதே கோவையின் வழிநின்ற இந்தியா 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் தற்கொலை முயற்சிக்குரிய பிரிவு 1998இலேதான் நீங்கிற்று. உடந்தைக்கான மரண தண்டனை ஏட்டில் இருந்தபடியே இருக்கிறது. பலாத்காரம், முறைகெட்ட உறவு, பிழைக்கவியலாத சிசு ஆகிய நிலைகளிற் கருச்சிதைவுக்கு விலக்கு அளிக்க 1995இல் பாராளுமன்றத்தில் எழுந்த யோசனை எதிர்ப்புக்குப் பணிந்து கைவிடப்பட்டது. 2017இல் அது மீண்டும் தலையெடுத்தபோது கத்தோலிக்க ஆயர்கள் பகிரங்கமாக மறுத்தனர்; மறுபடியும் அது கிடப்பிலே போயிற்று. ஆயர்களின் விசுவாசம் நேர்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் காத்து நின்ற வாசகம், அரசியல்வாதிகள் அடிக்கடி சொல்வதுபோல, இந்நாட்டுச் சமயங்களின் புராதனத் தீர்ப்பன்று.

எனினும் அரசாங்க ஏட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1990இல் உள்நாட்டுப் போர் தீவகத்தைச் சூழ்ந்து குடிகளைக் கலைத்தது. அவ்வாண்டு ஐப்பசியில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வழமைப்படி நடந்த விவாகத்துக்குச் சாட்சி ஊரார்தான். ஊரே சிதறியபின் தாலி மட்டும் எந்த அரசாங்கக் கச்சேரியிலும் பேசுவதில்லை. எழுத்தின் பயனை அந்நாட்கள் உணர்த்தின. ஆகவே அரசாங்கத்தின் ஏடு வேண்டாம் என்பதன்று நம் வாதம். அந்த ஏடு நடந்ததைப் பதியவும், பெண்ணின் சொத்தையும் உயிரையும் காக்கவும் இருக்கட்டும். எது பாவம், அதற்கு எது கழுவாய் என்பதை விநாயகர் சந்நிதியிலும், பள்ளிவாசலிலும், மாதாவின் முன்னிலையிலும் அவரவர் மனச்சாட்சி தீர்த்துக்கொள்ளும். சட்டம் இயற்றுவோர் ‘எங்கள் சமயம் இதைச் சொல்கிறது’ என்று கூறும்போது, அதை எழுதியவர் யார், எந்த ஆண்டில், எவருடைய ஆதனத்தைக் காப்பதற்காக எழுதினார் என்று மூன்று கேள்விகளைக் கேட்பதே சரித்திரம் கற்றவனின் கடமை.