கொறங்காடும் பரணும்: சிறு மந்தை தொடங்குவோருக்கு ஓர் ஒப்பாய்வு

இருபது செம்மறி வாங்கி வளர்த்துப் பார்க்கலாம் என்று இன்று ஒருவர் நினைத்தால், அவர் முதலில் விசாரிப்பது பரண் கட்ட எவ்வளவு ஆகும் என்பதைத்தான். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கொட்டில், இடைவெளி விட்ட தரை, வரிசையாகத் தலை நீட்டித் தீவனம் தின்னும் ஆடுகள் என்று கைப்பேசியில் பார்க்கிற காட்சிகள் அப்படி. ஆனால் காங்கேயம், மூலனூர், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் செம்மறி வேறு விதமாகவே வளர்ந்து வந்திருக்கிறது. கிளுவை வேலி சூழ்ந்த மானாவாரி நிலத்தில் காலையில் படலைத் திறந்து விடுவார்கள். ஆடுகள் தாமாகவே மேய்ந்துகொள்ளும். அந்த நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர்.

இந்த இரண்டு முறைகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக 20 பெட்டை ஆடு, 1 கிடாய் என்ற மந்தையை வைத்துக்கொள்வோம். இனம் மேச்சேரி. கம்பளி இல்லாத, கொம்பு இல்லாத, இளம்பழுப்பு நிற ஆடு. சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் வறண்ட மேய்ச்சலில் பழகியது. இதற்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வளர்ந்த பெட்டை 22 கிலோ அளவில் நிற்கும், கிடாய் 35 கிலோவைத் தொடும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். பின்னால் வரப்போகிற கணக்கெல்லாம் இந்த ஒற்றைக் குட்டியைச் சுற்றியே நிற்கிறது.

நிலமும் கட்டடமும்

கொறங்காட்டை ஒரு தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. அது திட்டமிட்டு வளர்த்த மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை. ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவில் நிற்கும் பகுதியில் இந்த மூன்றும் பாசனமில்லாமல் தாக்குப்பிடிக்கும். புல் வறண்டு கருகினாலும் அடித்தூர் சாகாது, ஒரு மழைக்குத் தழைத்துவிடும். கோடையில் புல் ஓய்ந்த நேரத்தில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்குத் தீனியாகும். விவரமான குடியானவர் நிலத்தை மூன்று நான்கு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றைத் தழையவிடுவார். நம் 21 ஆடுகளுக்கு ஐந்தாறு ஏக்கராவது வேண்டும். சொந்த நிலம் இல்லாதவர்கள் ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். கட்டடம் என்று பார்த்தால் இரவில் அடைக்க ஒரு பட்டி, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான்.

பரணுக்கு நிலம் கொஞ்சம் போதும், ஆனால் கட்டடம் வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி, கிடாய்க்கு அதைவிடக் கூடுதல், குட்டிகளுக்குத் தனித் தடுப்பு. ஆக இந்த மந்தைக்குச் சுமார் 300 சதுர அடிப் பரண் ஆகும். தரைச் சட்டங்களுக்கு நடுவே 1.5 சென்டிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால் புழுக்கை கீழே விழும், குளம்பு சிக்காது. பிறந்த குட்டியின் கால் அதற்குள்ளும் போய்விடும் என்பதால் ஈனும் ஆட்டுக்குச் சாக்கோ பலகையோ விரித்த மூலை ஒன்று தேவை. கொட்டிலின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரடியாக உள்ளே இறங்காது. தகரக் கூரை போட்டுவிட்டுச் சித்திரை வெயிலில் ஆடு தீனி எடுக்கவில்லை என்று வருந்துவோர் பலர். தென்னங்கீற்றை மேலே பரப்பினாலே பாதிச் சூடு குறையும்.

இதோடு பசுந்தீவனத்துக்குப் பாசன நிலமும் வேண்டும். ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தீவனம் என்றால், வளரும் குட்டிகளையும் சேர்த்து நாளைக்கு 100 கிலோ வெட்ட வேண்டியிருக்கும். அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வேலிமசாலும் போட்டு, கிணற்றில் தண்ணீர் நின்றால் இது முடியும். நேப்பியரை மட்டுமே போட்டு வளர்த்தால் ஆட்டுக்குப் புரதம் போதாது. வேலிமசாலோ அகத்தியோ கலந்தே ஆகவேண்டும்.

தீவனக் கணக்கு

இரண்டு முறைகளும் உண்மையில் பிரியும் இடம் இதுதான். கொட்டிலில் அடைத்த ஆட்டுக்கு நாள்தோறும் 200 கிராம் அடர்தீவனம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 21 ஆட்டுக்கு ஆண்டுக்கு 1,533 கிலோ, அதாவது ஒன்றரை டன். இதற்கு ஈடாக மந்தை என்ன தருகிறது? செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்று சொல்வார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஆண்டுக்கு ஓர் ஈற்று என்று போட்டுக்கொள்வதே நல்லது. 20 பெட்டையில் ஒன்றிரண்டு சினை பிடிக்காமல் போகும், ஒன்றிரண்டு குட்டி இறக்கும். 16 குட்டி கைக்கு மிஞ்சினால் நல்ல ஆண்டு. அதில் நான்கு பெட்டைக் குட்டிகளை மந்தைக்கென நிறுத்தினால் விற்பனைக்கு 12.

விற்கும்போது குட்டி 15 கிலோ என்றால் மொத்தம் 180 கிலோ உயிர் எடை. ஒன்றரை டன் அடர்தீவனத்தை அதன்மேல் பரப்பினால், ஒரு கிலோ உயிர் எடைக்கு எட்டரைக் கிலோ அடர்தீவனம் விழுகிறது. பசுந்தீவனம், வெட்டுகூலி, பரணின் தேய்மானம் எல்லாம் இதற்கு மேல். தாயாடு குட்டி போட்டாலும் போடாவிட்டாலும் தீனி தின்றுகொண்டுதான் இருக்கும். அதன் ஓராண்டுச் சாப்பாட்டை ஒரே ஒரு குட்டி சுமக்க வேண்டியிருக்கிறது.

அதே தாயாடு கொறங்காட்டில் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்கிறது. ஈனுவதற்கு முந்திய ஒன்றரை மாதமும் ஈன்ற பின் சில வாரமும் கைத்தீவனம் கொடுத்தால் போதும். இரண்டு மாதம் என்று வைத்தால் 20 பெட்டைக்கு 240 கிலோ. கடும் கோடையில் சோளத்தட்டும் கடலைக்கொடியும் வாங்கிப் போட வேண்டி வரும். மழை பொய்த்த ஆண்டில் அந்தச் செலவு கையைக் கடிக்கும். அப்படிப் பார்த்தாலும் ஒன்றரை டன் அடர்தீவனச் செலவுக்கு எளிதில் வராது.

கணக்கை இத்துடன் நிறுத்தினால் பரணுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பரணில் தாயாடுகளுக்குப் பதிலாகப் பால்குடி மறந்த மூன்று மாதக் கிடாய்க் குட்டிகள் 20 வாங்கி 90 நாள் வளர்த்து விற்பதாக வைப்போம். குட்டிக்கு நாளைக்கு 300 கிராம் வீதம் 27 கிலோ அடர்தீவனம். நாளைக்கு 100 கிராம் எடை ஏறினால் 90 நாளில் 9 கிலோ. கிலோ எடைக்கு மூன்று கிலோ அடர்தீவனம்தான். தின்பது எல்லாம் எடையாக மாறும் வயது அது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் கணக்குப் பார்த்துக் குட்டி பிடித்தால் விலையும் கைகொடுக்கும். ஒரே கொட்டில், ஒரே தீவனம். உள்ளே நிற்பது தாயா, வளரும் குட்டியா என்பதுதான் லாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கிறது.

நோய்நொடி

மேய்ச்சல் ஆட்டின் முதல் எதிரி குடற்புழு. அதிலும் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு மழைக்காலத்தில் மந்தையையே சாய்த்துவிடும். அதன் இளம்புழுக்கள் பனி படிந்த புல்நுனியில் ஏறி நிற்கும். வெயில் ஏறிப் புல் காய்ந்தபின் ஆட்டைத் திறந்துவிடுவதற்கு அதுவே காரணம். புழு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியதில்லை. ஆட்டைக் கால்களுக்கு இடையில் நிறுத்தி, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்லத் தாழ்த்திப் பார்த்தால் உட்புறம் தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறிய ரோஜா நிறமானால் மருந்து கொடுக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்துவிட்டால், கூடவே தாடைக்கு அடியில் நீர்கோத்துத் தொங்கினால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சந்தையில் ஆடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் இமையைப் பார்ப்பதில்லை. பல் வயதைச் சொல்லும்: இரண்டு பல் போட்டிருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. இமை உடல்நலத்தைச் சொல்லும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

பரணில் புழுக்கை கீழே போய்விடுவதால் புழுத்தொல்லை பெரிதும் குறைகிறது. இது அதன் உண்மையான வலிமை. ஆனால் அடைத்து வளர்ப்பதற்கே உரிய தொல்லைகள் வேறு உண்டு. நடக்காத ஆட்டின் குளம்பு தேயாது. செருப்பின் முனைபோல் வளைந்து வளரும், கால் சாய்ந்து நொண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி வரும். நேற்றுவரை கொழுகொழுவென்று இருந்த குட்டி காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். இது மேய்ச்சலிலும் உண்டு, முதல் மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை வயிறுமுட்ட மேயும்போது வருவது. ஆகவே இரு முறையிலும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

பரண்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று தாமிரம். மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் ஒத்துக்கொள்ளும் அளவு தாமிரம் செம்மறிக்கு ஆகாது. கறவை மாட்டுக்கென விற்கும் தாது உப்பை நாள்தோறும் கலந்து வந்தால் அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் சிறுநீர் கருஞ்சிவப்பாகி, கண் மஞ்சளாகி ஆடு சாய்ந்துவிடும். செம்மறிக்கென்றே கலந்த தாது உப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கும் நீலநாக்கு நோய்க்கும் பரணென்றும் காடென்றும் பேதமில்லை. ஆட்டுக்கொல்லிக்குக் குட்டியின் நான்காம் மாதத்தில் தடுப்பூசி. நீலநாக்கு சிறு பூச்சிகளால் பரவுவது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்மறியை அதிகம் தாக்கும். புதிதாக வாங்கிய ஆட்டை இரண்டு மூன்று வாரமாவது ஒதுக்கி வைத்தபின் மந்தையில் சேர்ப்பது இரு முறைக்கும் பொது விதி.

ஆளும் காவலும்

'ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு' என்ற பேச்சு கொறங்காட்டுக்கு அப்படியே பொருந்தும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை. திறக்கவும் அடைக்கவும் ஆள் இருந்தால் நடுவில் தோட்டத்து வேலை பார்க்கலாம். பரணில் நாள்தோறும் 100 கிலோ புல் வெட்டி, சுமந்து, நறுக்கிப் போட வேண்டும். ஒருநாள்கூட விடுப்பு கிடையாது. கூலிக்கு ஆள் வைத்தால் 20 ஆட்டின் வருமானம் அந்தக் கூலிக்கே போய்விடும்.

காவலில் பரண்தான் மேல். காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலை வட்டாரங்களில் அண்மை ஆண்டுகளில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் தெருவில் இறங்கியதும் நாடறிந்த செய்தி. கிளுவை வேலி மாட்டையும் ஆட்டையும் மறிக்கும், நாயை மறிக்காது. இன்று கொறங்காட்டில் தொடங்குகிறவர் இரவுப் பட்டிக்குக் கம்பிவலை அடிக்கும் செலவை முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எருவில் இரண்டும் சமம். பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நேராக வயலில் சேரும். பரணின் அடியில் சேர்வதை அள்ளி மூட்டை கட்டி விற்கலாம்.

மானியத்தை நம்பிப் பரண் போடுவோருக்கு ஒரு சொல். தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டத்தில் 50 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. ஆனால் அது 100 பெட்டை, 5 கிடாய் என்ற அளவில்தான் தொடங்குகிறது. 20 ஆட்டுக்காரர் அதில் வரமாட்டார். மானியத்துக்காக 100 ஆட்டில் தொடங்குவது நீச்சல் பழகக் கடலில் குதிப்பதற்குச் சமம்.

எதை எங்கே

இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடு ஒற்றை விடை தரவில்லை. ஒவ்வொன்றும் எந்த ஆட்டுக்கு ஏற்றது என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது. ஒற்றைக் குட்டி போடும் தாயாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். அடைத்துவைத்து விலைத்தீவனம் போட்டால் அது கட்டுப்படியாகாது. மூன்று மாதக் கிடாய்க் குட்டிக்குப் பரண் பொருந்தும். குறைந்த நாளில் எடை ஏறிக் கைமாறிவிடும்.

ஆகவே ஐந்தாறு ஏக்கர் மானாவாரி நிலமோ குத்தகைக் கொறங்காடோ கிடைப்பவர் தாயாடுகளில் தொடங்கலாம். வாங்குவதைச் சந்தையில் வாங்காமல் மந்தை வைத்திருப்பவர் பட்டிக்கே போய் வாங்குவது நல்லது. கழித்துவிட்ட ஆடுகளே சந்தைக்கு அதிகம் வருகின்றன. அரை ஏக்கரும் கிணறும் மட்டும் உள்ளவர் பத்துக் கிடாய்க் குட்டியுடன், இருக்கிற மாட்டுத் தொழுவத்திலேயே ஒரு மூலையைத் தடுத்து ஒரு சுற்று வளர்த்துப் பார்க்கட்டும். அந்த ஒரு சுற்றில் தீவனம் போக மிச்சம் நின்றால் பரணைப் பற்றி யோசிக்கலாம். நிலமும் தண்ணீரும் இரண்டும் உள்ளவர் தாயாட்டைக் காட்டில் விட்டு, அது போட்ட கிடாய்க் குட்டிகளைப் பால்குடி மறந்ததும் கொட்டிலுக்கு மாற்றினால் இரு முறையின் பலனும் ஒரே மந்தையில் கிடைக்கும். புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை, தீவனம் முழுவதும் கடையில்தான் என்ற நிலையில் இருப்பவர் செம்மறி தொடங்காமல் இருப்பதே மேல்.